துண்டுக்குள் விட்ட கை

ஆம்பூரிலிருந்து கப்பலேறிச் சீமைக்குப் போய் வந்தவர்கள் அந்தக் காலத்திலேயே சிலர் உண்டு. ஆனால் போவதற்கு முன்பே, போய் வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தவர் தோல் தரகர் அப்துல் கஃபார் சாயபு ஒருவர்தான்.

தோல் விலை படுத்துக்கிடந்த வருஷம் அது. லண்டன் கம்பெனிக்காரர்கள் பதில் போடுவதையே விட்டுவிட்டார்கள். "காயிதத்துல இன்னா பேச்சு? நேர்ல போய் ஒக்காந்தா எவனா இருந்தாலும் வழிக்கு வருவான்" என்று கஃபார் சாயபு கிளம்பினார். கோட்டு தைக்கக் கொடுத்த நாளிலிருந்து தெருவில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. கோட்டுக்கு உள்பை வேண்டுமா, வேண்டாமா என்று தயிர்க்காரி கண்ணம்மாளிடம்கூட அபிப்பிராயம் கேட்டார். மனைவி தில்ஷாத்திடம் மட்டும் கேட்கவில்லை. அவளிடம் எதையும் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. கிணற்றில் தண்ணீர் இருப்பது போல வீட்டில் தில்ஷாத் இருந்தாள்.

நியாயமாகச் சொன்னால், பெருமையடித்துக்கொள்ள அவரிடமும் ஒன்று இருந்தது. அவருடைய வலது கை.

தோல் மண்டியில் விலையை வாயால் பேசுவதில்லை. பக்கத்தில் நிற்பவன் காதில் விழுந்துவிடும் அல்லவா? வாங்குகிறவன் தன் தோள் துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டுக்கொண்டு நீட்டுவான். விற்கிறவன் அந்தத் துண்டுக்குள் தன் கையை விடுவான். பிறகு பேசுவதெல்லாம் விரல்கள்தான். இந்த விரலைப் பிடித்தால் ஒரு விலை, அந்தக் கணுவை அமுக்கினால் இன்னொரு விலை. ஐந்து விரலையும் சேர்த்து மணிக்கட்டோடு பிடித்தால், மொத்தச் சரக்கும், மிச்சம் வைக்காமல் என்று அர்த்தம். விற்கிறவன் திருப்பிப் பிடித்தால் பேரம் முடிந்தது. முறிக்க வேண்டுமென்றால் அதே இரண்டு பேர் மறுபடி துண்டுக்குள் கையை விட்டு, விற்றவன் சுண்டுவிரலால் ஒரு சுண்டு சுண்டி விலக வேண்டும். வாயால் எத்தனை சத்தியம் செய்தாலும் செல்லாது. இடது கையை விட்டால் செருப்பால் அடித்த மாதிரி. துண்டுக்குள் கஃபார் சாயபுவின் கை பேசுகிற அளவுக்கு வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் எந்தக் கையும் பேசாது என்று மற்ற தரகர்களே ஒப்புக்கொள்வார்கள், அவர் பக்கத்தில் இல்லாதபோது.

அந்தக் கைக்கு லண்டனில் வேலை இல்லை. அங்கிருந்து நியூயார்க் போய்ப் பார்த்தார், அங்கேயும் இல்லை. விலையைக் காகிதத்தில் எழுதி மேஜைமேல் தள்ளினார்கள். திரும்பும்போது, குளிருக்குப் பயந்த வெள்ளைக்காரர்கள் தீவு தீவாகச் சுற்றிப் பார்க்கிற உல்லாசக் கப்பல் ஒன்றின் அடித்தளத்தில் மலிவாக இடம் கிடைத்தது. மேற்கிந்தியத் தீவுகளைச் சுற்றிவிட்டு அது லண்டன் போய்ச் சேரும். வியாபாரம்தான் இல்லை, ஊரில் சொல்ல ஒரு கதையாவது மிஞ்சட்டும் என்று ஏறிக்கொண்டார்.

டிரினிடாட் தீவில் கப்பல் ஒரு பகல் நின்றது. கரையோரம் ஆழம் போதாததால் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிட்டு, பயணிகளைப் படகில் கொண்டுபோய் இறக்கினார்கள். சாயங்காலம் சங்கு ஊதும். அதற்குள் திரும்பிவிட வேண்டும். வெள்ளைக்காரர்கள் தொப்பியும் குடையுமாக மோட்டாரில் ஏறி, தார் ஊறுகிற ஏரி ஒன்றைப் பார்க்கப் போனார்கள். சாயபுவை யாரும் கூப்பிடவில்லை. தாரைப் பார்க்கத் துட்டு கொடுத்துப் போகிற ஜன்மங்கள் என்று அவரும் தமக்குள் சிரித்துக்கொண்டு, தனியாக நடந்தார்.

நல்ல வெயில். ஆம்பூர் வெயில்தான், ஆனால் ஈரம் கலந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. ட்ராம் வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று. தென்னை, மா, யார் வீட்டுக் கொல்லையிலோ முருங்கைகூட. நடக்க நடக்க முகங்கள் மாறின. எண்ணெய் வைத்து வாரிய தலைகள் தென்பட்டன, மூக்குத்திகள் தென்பட்டன. ஒரு திருப்பத்தில் தெருவின் பெயரைப் பலகையில் எழுதி அடித்திருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

மெட்ராஸ் தெரு.

கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்து அனுப்பிய கதை அவருக்கும் தெரியும். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் போனதுதான், திரும்பவில்லை. இவர்கள் அவர்களுடைய பேரப்பிள்ளைகளாக இருக்கும் என்று, கூப்பிட்டுத் தமிழில் பேசிப் பார்த்தார். சிரித்தார்கள். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

சுண்ணாம்புக் குழி வாசனை. அதற்குமேல் ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரின் துவர்ப்பு. தோல் பதனிடும் இடத்து வாசனைக்கு வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். ஆம்பூரில் பிறந்தவனுக்கு அது வீடு. ஆவாரஞ்செடி இல்லாத தீவில் அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மூக்கு போன வழியில் காலும் போயிற்று.

தெருக்கோடியில் பாழடைந்த ஒரு வீடு. கூரை ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. முன்னால் பெரிய மரம். அதன் நிழலில் முக்காலி போட்டு ஒரு கிழவர் இருந்தார். வேலியில் ஓர் ஆட்டுத்தோல் விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது.

தோலைக் கண்டால் சாயபுவின் கை சும்மா இருக்காது. ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தார். முதல் தரம்.

"எந்த ஊரு?" என்றார் கிழவர். தமிழில்.

"ஆம்பூரு."

கிழவர் கண்ணை மூடித் திறந்தார். "எனுக்குப் பேர்ணாம்பட்டு. தோல் கட்டு ஏத்திகினு ஆம்பூர் மண்டிக்கு வண்டி ஓட்டுவேன். மெட்ராசுல வேலை கீதுன்னு ஒருத்தன் கூப்ட்டான்." அவ்வளவுதான் அவர் கதை. கொஞ்சம் பொறுத்து, "பாலாத்துல தண்ணி வருதா?"

"எங்க வருது? வெறும் மணலு."

"மணலு எப்பிடி கீது?"

இதென்ன கேள்வி என்று நினைத்தாலும், பல மாதமாக வாய் பூட்டிக் கிடந்த மனுஷருக்குக் கேட்க ஆள் கிடைத்ததே பெரிது. எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து ஆம்பூரை அளக்க ஆரம்பித்தார். மணல், மலை, மண்டி, தம் தெரு, தம் வீட்டுப் பச்சைக் கதவு. தில்ஷாத் வைக்கிற கத்திரிக்காய்ச் சாறு வரைக்கும் வந்துவிட்டார். வீட்டில் ஒரு நாளும் நன்றாயிருக்கிறது என்று சொல்லாதவர், ஏழு கடல் தாண்டி வந்து சொன்னார். "நான் போய் எறங்கறப்போ பாக்கணும். தெருவே ஸ்டேஷன்ல நிக்கும். மாலை இன்னா, மரியாதை இன்னா."

கிழவர் ஒரு வார்த்தை சிந்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்குத் திரும்பிப் போவணும்னு தோணலியா, பெரியவரே?"

"தோணாத நாளில்ல, சாயபு."

பேச்சுத் தீர்ந்ததும் சாயபு வேலியைக் காட்டினார். "அந்தத் தோலைக் குடுக்கறீங்களா? ஊர்ல காட்டறதுக்கு."

கிழவர் தோளில் கிடந்த அழுக்குத் துண்டை எடுத்து, வலது கையின்மேல் போட்டு, நீட்டினார்.

சாயபுவுக்கு மயிர்க்கூச்செறிந்தது, சந்தோஷத்தில். லண்டனும் நியூயார்க்கும் கொடுக்காத மரியாதையை இந்த மரத்தடி கொடுத்தது. சட்டென்று கையை உள்ளே விட்டுவிட்டார். துண்டு போடுகிறவன் வாங்குகிறவன், கையை விடுகிறவன் விற்கிறவன் என்பது மண்டியில் கட்டுத் தூக்குகிறவனுக்குக்கூடத் தெரியும். தாம் வாங்க வந்தவர், துண்டு தம்முடையதாக அல்லவா இருக்க வேண்டும்? வாழ்நாள் முழுவதும் விற்றே பழகிய கை, அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

உள்ளே இருந்த கை சில்லென்று இருந்தது. அது அவருடைய ஐந்து விரலையும் சேர்த்து, மணிக்கட்டோடு பிடித்தது.

மொத்தச் சரக்கும். மிச்சம் வைக்காமல்.

ஒற்றைத் தோலுக்கு எதற்கு மொத்தம் என்று மனசின் ஓரத்தில் ஒன்று ஓடியது. அதற்குள் கை திருப்பிப் பிடித்துவிட்டது.

கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நீங்க இப்பிடி ஒக்காருங்க" என்று முக்காலியைக் காட்டினார். பிறகு, வயசுக்குப் பொருந்தாத வேகத்தில், துறைமுகம் இருக்கிற திசையில் நடந்து போனார்.

தோலைக் கட்டக் கயிறு எடுத்துவரப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு சாயபு முக்காலியில் உட்கார்ந்தார். காத்திருந்தார். தெருவில் மாம்பழக் கூடையோடு ஒருத்தி வந்தாள். மரத்தடியைப் பார்த்ததும் நின்றாள். அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல், ஒரு பழத்தை வேலியோரம் தரையில் வைத்துவிட்டு, எதிர்ப்புறமாக ஒதுங்கிப் போய்விட்டாள். ஓசிப் பழத்தை வேண்டாம் என்கிறவரா இவர்? எடுத்துக் கடித்தார்.

இனிப்பு இல்லை. புளிப்பும் இல்லை. வாயில் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

சாறு வலது மணிக்கட்டு வரைக்கும் வழிந்து, கோட்டுக் கைக்குள் இறங்கியிருந்தது.

வழிந்தது தெரியவில்லை.

கடலிலிருந்து சங்கு ஊதியது. நிமிர்ந்து பார்த்தார். வேலியில் தோல் இல்லை. வாசனையும் இல்லை.

ஓடி வந்து சேர்ந்தபோது, படகுக்காரன் அவரையும் கப்பலையும் மாறி மாறிப் பார்த்தான். அப்போதே ஏற்றிக் கொண்டுபோய் விட்டேனே என்று அவன் தன் இங்கிலீஷில் முனகியது அவருக்குப் புரிந்தது. கூலியை இரண்டாம் தடவை வாங்கப் பார்க்கிறான் என்று முடிவு கட்டிக்கொண்டார். கப்பலில் அவருடைய படுக்கை கசங்கிக் கிடந்தது; தொட்டுப் பார்த்தார், இடது கையால். சூடாக இருந்தது. மறுநாள் தேநீர் கேட்டால், உங்களுடையதை நீங்கள் குடித்தாகிவிட்டது என்றான் சிப்பந்தி. லண்டனில் மாறி ஏறிய கப்பலிலும் அதே கதைதான். எங்கே போனாலும் அவருக்குக் கொஞ்சம் முன்னால் அவர் போய்விட்டு வந்திருந்தார்.

பயப்பட வேண்டிய மனுஷர் பயப்படவில்லை. மரத்துப்போன கை மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு ஏறி, முழங்கையிலிருந்து தோளுக்கு ஏறியது. கவலைப்படுகிற இடமும் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது போலிருக்கிறது. சென்னைச் சுங்கத்தில், இந்தப் பெட்டியை நீங்கள் அப்போதே எடுத்துப்போயாகிவிட்டதே என்று ஒரு வாரம் இழுத்தடித்தார்கள். ரயிலேறும்போது அவருக்கு இருந்தது ஒரே நினைப்பு. வீட்டுக்குப் போய்விட வேண்டும். தம் வாசலில் கால் வைத்துவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடும்.

ஆம்பூர் ஸ்டேஷனில் மாலை இல்லை. மரியாதை இல்லை. ஜட்கா வண்டிக்காரன் கோவிந்தசாமி மட்டும் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா சாயபு, அதுக்குள்ள எங்க போய்ட்டு வர்றீங்க?"

"எங்கயா? சீமைலருந்து வர்றேன்டா."

"நல்லா தமாசு பண்றீங்க" என்றான் கோவிந்தசாமி. "போன வாரம் ஒங்கள மாலையும் கழுத்துமா நாந்தான ஏத்திகினு போனேன். கூட்டத்துல குதிரை மிரண்டு, ஒங்க தெரு பசங்க ரெண்டு பேரு காவாயில வுழுந்தானுங்களே."

வண்டியில் வரும்போது கஃபார் சாயபு மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். வழியெல்லாம் தோல் கிடங்குகள். ஒன்றும் மணக்கவில்லை.

தெருமுனையில் தயிர்க்கூடையோடு கண்ணம்மாள் மறித்துக்கொண்டாள். "பாய், அந்தத் தாரு ஏரிக் கதைய இன்னொரு தபா சொல்லணும் நீங்க. எங்க வூட்டுக்காரரு நம்ப மாட்டேங்கறாரு."

"நான் அதைப் பாக்கவே இல்லியேம்மா."

"அட, எம்மாம் நேரம் சொன்னீங்க. கால வெச்சா கொழகொழன்னு உள்ள போவும்னு நடந்தே காமிச்சீங்க. சிரிச்சு சிரிச்சு வவுறு வலி எடுத்துச்சு." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு கேட்டா கோச்சுக்காதீங்க. சாயந்திரமானா ஆத்துல எறங்கி, மணல அள்ளி வாயில போட்டுக்கறீங்களாமே. துணி தொவைக்கப் போனவ பாத்தாளாம். இன்னா பாய், அது வைத்தியமா?"

அவர் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தார். அந்த மனுஷர் வரவர ஒரு மாதிரி என்று கண்ணம்மாள் அன்றைக்கே நான்கு வீட்டில் சொல்லிவிட்டாள்.

பச்சைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அம்மி ஓடுகிற சத்தம். அதற்கு நடுவில் இன்னொரு சத்தம். அதை அவர் அந்த வீட்டில் ஒரு நாளும் கேட்டதில்லை.

தில்ஷாத் பாடிக்கொண்டிருந்தாள்.

"மறந்துட்டுப் போனது இன்னா?" என்றாள், நிமிராமல்.

"இப்பதான் வர்றேன்."

"ஆமா, வாசப்படி வரைக்கும் போய்ட்டு." அவள் சிரித்தாள். "மண்டிக்குப் போவ மனசில்லன்னா சொல்லிடுங்க. நேத்து மாதிரி ஒக்காந்து பூண்டு உரிங்க."

"நானா? பூண்டா?"

"பூண்டு உரிச்சீங்க. தண்ணி சேந்திக் குடுத்தீங்க. எங்கம்மா பேரு இன்னான்னு கேட்டீங்க." அம்மிக் குழவி நின்றது. "கட்டிகினு வந்து இத்தினி வருசத்துல மொதல் தபா."

சாயபு அவள் பக்கத்தில் குந்தி, வலது கையை அவள் தோளில் வைத்தார். அவள் விளையாட்டாக அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்தவள் உடனே விட்டாள்.

"இன்னா இது. காலைல சுட்டுகினு இருந்துச்சே."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், அவர் காலடியில் இருந்த கப்பல் பெட்டியைப் பார்த்தாள். அவள் பார்வை போன திசையில் அவரும் திரும்பினார். மூலையில், அதே பித்தளைப் பூட்டோடு, அதே பெட்டி ஏற்கெனவே இருந்தது.

தில்ஷாத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தில்ஷாத்" என்றார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவருக்கும் அதுதான் முதல் தடவை.

அவள் குரல் காற்று மாதிரி வந்தது. "அவரு மத்தியானம் சாப்புட வருவாரு."

அவரு.

சாயபு துண்டுக் கதையை, மரத்தடிக் கதையை, தமக்குப் புரிந்த மட்டும் சொன்னார். சொல்லச் சொல்ல, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலிருந்தது. தில்ஷாத் அழவில்லை. மசாலாவை வழித்துக் கிண்ணத்தில் எடுத்து வைத்தாள்.

"போய்ப் பேசி முறிச்சுக்குங்க" என்றாள். "யாரு வந்தாலும் நான் சோறு போட்டுத்தான ஆவணும்."

உச்சி வெயிலில் மண்டி நிரம்பியிருந்தது. கட்டுக் கட்டாகத் தோல். கட்டுகளுக்கு நடுவில் ஜோடி ஜோடியாக ஆட்கள், கைகளின்மேல் துண்டு, வாயில் பேச்சில்லை. கடைசித் தூண் ஓரம், கஃபார் சாயபு வழக்கமாக உட்காரும் இடத்தில், அதே கோட்டும் தொப்பியுமாக ஒரு முதுகு தெரிந்தது.

போய் எதிரே உட்கார்ந்தார்.

தம் முகத்தைத் தாமே பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததில்லை. கண்ணாடியில் பார்க்கிற முகம்தான். ஆனால் கண்ணாடியில் அது இவ்வளவு சந்தோஷமாக ஒரு நாளும் இருந்ததில்லை.

"வாங்க சாயபு" என்றது அந்த முகம், தணிந்த குரலில். "ஊரு நல்லா கீது. நீங்க சொன்னதவிட நல்லா கீது."

"நான் ஒண்ணும் விக்கல. தோலு வாங்கத்தான் வந்தேன்."

"துண்டு போட்டது யாரு?"

சாயபுவின் பார்வை அந்த ஆள் தோளில் கிடந்த துண்டுக்குப் போயிற்று.

"முறிக்கணுமா? முறைப்படி வாங்க. நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன்." அந்த ஆள் தோளிலிருந்து துண்டை எடுத்தான். வெள்ளையாக, கஞ்சி போட்டு, தில்ஷாத் மடித்த மடிப்போடு இருந்தது. கையின்மேல் போட்டு நீட்டினான்.

சுற்றிலும் யாரும் திரும்பவில்லை. துண்டு விழுந்த இடத்தை எட்டிப் பார்ப்பது மண்டியில் மரியாதை இல்லை.

கஃபார் சாயபு வலது கையைத் துண்டுக்குள் விட்டார்.

கண்ணால் பார்த்ததால்தான் விட்டது தெரிந்தது. கோட்டுக் கை துண்டுக்குக் கீழே போய் மறைந்தது. அதற்குப் பிறகு அங்கே ஒன்றும் இல்லை. கை இருக்கிறதா, எதிர்க் கை பிடித்திருக்கிறதா, எந்த விரல் எங்கே இருக்கிறது?

ஒன்றும் தெரியவில்லை.

சுண்டுவிரல் என்று நினைத்தார். சுண்டு என்று நினைத்தார். ஆள் இல்லாத வீட்டில் கூப்பிட்டுக்கொண்டு நிற்பது போலிருந்தது.

இடது கை அரித்தது. அதற்கு இன்னும் உயிர் இருந்தது. அதை உள்ளே விட்டால் பேரமே பாழ். பல்லைக் கடித்துக்கொண்டு தொடையின் கீழே அதை அழுத்திக்கொண்டார்.

துண்டு அசைந்தது.

மறுபடி அசைந்தது.

எதிரே இருந்த முகத்தில் ஒரு வருத்தம் வந்து போனது போலிருந்தது.

"திருப்பிப் புடிச்சிட்டீங்களே, சாயபு" என்றான் மெதுவாக. "முழுக் கையா."

"இல்ல. சுண்டினேன்."

"பாவம்னு ஒங்களுக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சிருந்தேன். பாத்தா நாலு பேருக்குத் தெரியற மாதிரி. அதையும் குடுத்துட்டீங்க."

பொய் சொல்கிறானா, நிஜம் சொல்கிறானா? அதைத் தெரிந்துகொள்ள இந்த உலகத்தில் ஒரே வழிதான் இருந்தது. அந்த வழி மரத்துப்போயிருந்தது. அவன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டான். சாயபு குனிந்து பார்த்தார். அவர் கை மடியில் கிடந்தது. விரல்கள் மூடியிருந்தன.

"நிசார் பாய்" என்று பக்கத்துத் தரகர் நிசார் அஹமதுவைக் கூப்பிட்டார். நிசார் அஹமது திரும்பினார், சாயபுவைத் தாண்டி எதிரே இருந்த முகத்தைப் பார்த்து, "இன்னா கஃபார், தனியா பேசிகினு கீறே? வா, சாப்புட நேரமாச்சு" என்றார். அவன் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். சாயபு இருந்த இடத்தில் யாரோ ஒருவர் வந்து வசதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தார். இடிக்கவில்லை. இடித்திருந்தாலும் தெரிந்திருக்காது.

போவதற்கு வேறு இடம் ஏது? வீட்டுக்குத்தான் போனார். அவன் சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, மண்டிக்குத் திரும்பும் வரைக்கும் கொல்லையில் நின்றிருந்தார். வெயில் அவர்மேல் விழுந்தது, விழுந்ததைப் பார்த்தார். பின்கட்டு வழியாக உள்ளே வந்தார். தில்ஷாத் பகல் தூக்கத்துக்குக் கயிற்றுக் கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். அடுக்களையில் இன்னொரு தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருந்தது. பசிக்கவில்லை.

பேரம் முறியவில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும். வாய் திறந்தார். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை.

கட்டிலின் விளிம்பில் படுத்தார்.

கயிறு கிறீச்சிட்டது.

தில்ஷாத் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு சாண் சுவர்ப்பக்கம் நகர்ந்து இடம் விட்டாள்.

வெகுநேரம் கழித்து வாசலில் தட்டுகிற சத்தம் கேட்டது. அவருடைய குரல். அவர் ஒரு நாளும் பேசாத பதத்தில். "தில்ஷாத், கதவைத் தொறம்மா. மழை வர்ற மாதிரி கீது."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். உடனே போகவில்லை. கால்மாட்டில் கிடந்த போர்வையை இழுத்து, கட்டிலின் அந்தப் பாதிமேல் போர்த்தினாள். ஓரங்களைச் சொருகினாள். முகம் இருக்கிற இடத்தில் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு அதையும் மூடினாள். மூடிவிட்டுக் கதவைத் திறக்கப் போனாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. அப்படி ஒரு புருஷன் வாய்க்க வேண்டுமே என்று தெருவில் பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. ஒரு நாள் தயிர் அளக்கப் போன கண்ணம்மாள், பழக்கதோஷத்தில் உள்ளறைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். கட்டிலில் தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு யாரோ படுத்திருந்தார்கள். போர்வை ஏறி இறங்கியது.

"யாரும்மா, ஒறம்பரையா?" என்று கேட்டாளாம்.

தில்ஷாத் அறைக்கதவைச் சாத்திவிட்டு, "கப்பல்ல வந்த களைப்பு. தூங்கட்டும்" என்றாளாம்.

தயிருக்குச் சட்டியை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றது கஃபார் சாயபு.